பேட்டரி பேனாவா, பேட்டரி இல்லாத பேனாவா?

திரையை மடக்கி டேப்லெட்டாகப் புழங்கும் லேப்டாப் வாங்குபவர்கள் பிராசஸர், ரேம் எல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். பேனா எந்த வகை என்று கேட்பவர் குறைவு. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன், எழுதுவதெல்லாம் திரையில்தான். இரண்டு வகையிலும் எழுதிப் பார்த்துவிட்டுப் பேட்டரி இல்லாத பக்கம் வந்துவிட்டேன்.

அதன் பெயர் ஈ.எம்.ஆர்., வேக்கம் நிறுவனத்தின் முறை. திரைக்கு அடியில் ஒரு தகடு மின்காந்தப் புலத்தை உண்டாக்கும்; பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும். சாம்சங்கின் எஸ் பென் இந்த ரகம். மற்றது, பேனாவுக்குள்ளேயே பேட்டரி வைத்தது: ஐபேடின் ஆப்பிள் பென்சில், இன்றைய மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸின் பேனா, இன்னும் பல டூ-இன்-ஒன் (மடக்கினால் டேப்லெட் ஆகும்) லேப்டாப்களின் பேனாக்கள். சர்ஃபேஸ் ப்ரோவின் முதல் இரண்டு மாடல்களில் வேக்கம்தான் இருந்தது. 2014-இல் வந்த மூன்றாவதில் பேட்டரி வகையான என்-ட்ரிக் முறைக்கு மாறினார்கள்.

அழுத்தினால் கோடு தடிப்பது, உள்ளங்கை பட்டாலும் கிறுக்கல் விழாதது எல்லாம் இரண்டிலும் உண்டு. அதைப் பேச வேண்டியதில்லை.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது பராமரிப்பு. பேட்டரி பேனா, வகையிடல் கணக்கின் பாதியில் நின்றுவிட்டால் வகுப்பே நின்றுவிடும். சில பேனாக்களுக்கு ஏஏஏஏ அளவு பேட்டரி வேண்டும். ரிமோட்டுக்குப் போடும் ஏஏஏவைவிட ஒல்லியானது, தெருமுனைக் கடையில் கிடைக்காது. சார்ஜ் ஏற்றும் பேனா இன்னும் மோசம். கோடை விடுமுறையில் தீர்ந்துபோய் அப்படியே கிடந்தால் உள்ளே இருக்கும் லித்தியம் செல் செத்துப்போகலாம். செல்லை மட்டும் மாற்ற வழியில்லை, பேனாவையே வாங்க வேண்டும். வாங்கப் போனாலும் பேட்டரி பேனாக்களுக்குள்ளேயே எம்.பி.பி., ஏ.இ.எஸ்., யு.எஸ்.ஐ. என்று ஆளுக்கொரு முறை. ஒன்றின் பேனா மற்றதில் பொதுவாக எழுதாது. ஈ.எம்.ஆரில் தேய்வது நிப் மட்டும்தான். எஸ் பென் தொலைந்தால் ஸ்டெட்லர், லாமி போடும் ஈ.எம்.ஆர். பேனாவையே சாம்சங்கின் கேலக்ஸி டேப் டேப்லெட்டில் வைத்து எழுதலாம். சில எஸ் பென்னில் சார்ஜ் ஏற்றும் வசதி இருந்தாலும் அது தூரத்திலிருந்து பட்டன் அழுத்துவதற்கு. சார்ஜ் தீர்ந்தாலும் எழுத்து நிற்காது.

கடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்கேலைச் சாய்த்து வைத்து, மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். பேட்டரி வகையில் பல லேப்டாப்களில் கோடு பாம்பு மாதிரி நெளியும். வரைபடம் போடுகிறவனுக்கு அது பெரிய தொல்லை. ஆப்பிள் பென்சிலில் அந்த நெளிவை நான் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கத்து நியாயமும் உண்டு. ஈ.எம்.ஆரில் திரையின் ஓரத்தில் புள்ளி கொஞ்சம் தள்ளி விழலாம், டேப்லெட்டின் உறையில் காந்தம் இருந்தால் அந்த இடத்தில் கோடு வளையும். படம் வரைபவர்களுக்குப் பேனாவைச் சாய்த்து நிழல் போடுவது முக்கியம்; நான் ஓவியன் இல்லை, அதில் என் பேச்சை நம்ப வேண்டாம்.

பழைய லேப்டாப் தேடுபவர்களுக்கும் என் ஓட்டு இதற்கே. 2012-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்230 டேப்லெட்டிலும் வேக்கம்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் லேப்டாப் பேட்டரியை மட்டும் பார்த்தால் போதும், பேனாவுக்குள் செத்துப்போக எதுவும் இல்லை.