எடைக்கு வாங்கிய ஹெர்குலிஸ்: 9 வருட அனுபவம்

2015 கடைசியில் தஞ்சாவூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கிய சைக்கிள் இது. நான் அங்கே போனது வீட்டில் கிடந்த உடைந்த இரும்புக் கட்டிலைப் போடத்தான். கட்டிலை இறக்கும்போது சுவரோரம், எண்ணெய் டின்களுக்குப் பின்னால், கறுப்பு ஹெர்குலிஸ் ஒன்று சாய்ந்து கிடந்தது. இரண்டு டயரும் வெடித்து நார் தெரிந்தது, சீட்டில் தோல் இல்லை, ஸ்பிரிங் மட்டும்தான். விலை கேட்டேன். கடைக்காரர் பதில் சொல்லாமல் தூக்கித் தராசில் வைத்தார். 21 கிலோ. கிலோ 20 ரூபாய் வீதம் 420. "சக்கரம் சுத்துதே, அதுக்கு ஒரு 300 சேத்துக் குடுங்க" என்றார். பேசி 700 ரூபாய்க்கு முடிந்தது.

பழைய சைக்கிள் மோகம் என்றதும் பலருக்கும் இங்கிலாந்தின் ராலே சைக்கிள்தான் ஞாபகம் வரும். தங்கக் கோடு போட்ட மட்கார்டு, தோல் சீட், டைனமோ விளக்கு எல்லாம் அசலாக இருந்தால் அதற்கென்று ஒரு விலை, அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் தனி. அந்த ரசனையில் தப்பில்லை. ஆனால் நான் எழுத வந்தது அந்த வகையைப் பற்றி இல்லை. பால்காரரும் தபால்காரரும் வயலுக்கு உர மூட்டை ஏற்றிப் போனவரும் ஓட்டித் தேய்த்த, யாரும் சேகரிக்க நினைக்காத, சாதாரணக் கறுப்பு சைக்கிள். என்னிடம் இருப்பது அதுதான். 9 வருடத்தில் அதை விட்டு இறங்க ஒரு நாளும் மனது வரவில்லை.

ஹெர்குலிஸ் பிறந்ததே மலிவு விலைக்குத்தான். 1910-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி, சாமானியர் வாங்கக்கூடிய விலையில் லட்சக்கணக்கில் செய்து தள்ளியே பெயர் வாங்கியது. பிறகு டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற இன்னொரு இங்கிலாந்துக் கம்பெனியின் கைக்குப் போனது. அவர்களும் நம் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பித்து அம்பத்தூரில் தொழிற்சாலை போட்டார்கள். என் சைக்கிளின் நெற்றியில் இருக்கும் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தபோது "மெட்ராஸ்" என்ற எழுத்து தெரிந்தது. மெட்ராஸ் சென்னை என்று மாறியது 1996-ல், ஆகவே சைக்கிள் அதற்கு முந்தையது என்பது வரைக்கும் சொல்லலாம். எத்தனை கை மாறி வந்ததோ.

வாங்கிய அன்றே தள்ளிக்கொண்டு போய் எங்கள் பக்கத்துக் கடையில் விட்டேன். கடை என்றால் ஒரு வேப்பமரம், ஒரு கீற்றுக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, எழுபதைத் தொட்ட ஒரு பெரியவர். மொத்தமாகப் பிரித்து ஓவர்ஹால் பண்ணி, புது டயர், டியூப், ரெக்ஸின் சீட், பிரேக் கட்டை எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆனது. பெயிண்ட் அடித்துவிடலாமா ஐயா என்று கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வேணாம் தம்பி. பெயிண்ட் அடிச்சா அப்புறம் பூட்டு வாங்கணும்."

அந்த ஒரு வாக்கியம் எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. இதற்கு முன்னால் நான் 11,000 ரூபாய் போட்டு கியர் சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். நல்ல சைக்கிள்தான், ஓட்ட லேசாக இருக்கும், ஆனால் டிபன் சாப்பிடப் போனால் கண் வாசலிலேயே இருக்கும். காய்கறி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன், யாராவது மோதிக் கீறிவிடுவார்களே என்று. மழை வந்தால் எடுக்க மாட்டேன். ஒரு தடவை பின் கியரில் ஒரு சின்ன பாகம் வளைந்து, அந்தப் பாகம் வருவதற்கு 3 வாரம் காத்திருந்தேன். கடைசியில் அது வராந்தாவில் துணி காயப்போடும் இடமானது. ஹெர்குலிஸ் வந்த பிறகு பழைய பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வெளியூர் போய் மறுநாள் வந்து எடுத்திருக்கிறேன். விட்ட இடத்தில் சாய்ந்து நிற்கும். யாரோ கேரியரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், எழுந்து கொடுப்பார்கள். விலை போகாத பொருளை வைத்திருப்பதில் இப்படி ஒரு நிம்மதி இருக்கிறது. எதற்கும் பயப்படாததால் எல்லா இடத்துக்கும் போகிறேன்.

தினமும் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கமிருந்து டவுனுக்குள் வேலைக்குப் போய்வருகிறேன், போக வர 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டால் இந்த 9 வருடத்தில் 20,000 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். ஓட்டம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: மெதுவாகப் போகும், சொகுசாகப் போகும். இந்தச் சைக்கிள் நீளம் அதிகம், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முன்னால் நன்றாகச் சரிந்திருக்கும், டயர் 28-க்கு ஒன்றரை அங்குலம். மூன்றும் சேர்ந்து குழியைச் சக்கரமே விழுங்கிவிடும், இடுப்புக்கு வராது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதால் ஆட்டோவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியும். முன் பல் சக்கரத்தில் 44 பல், பின்னால் 18. ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகிறது. சமதளத்தில் ஒரு தடவை வேகம் பிடித்துவிட்டால் அந்த 21 கிலோவே உங்களை இழுத்துக்கொண்டு போகும். மேம்பாலத்தில் அதே 21 கிலோ தொடையில் தெரியும். எதிர்க்காற்று இருந்தால் நான் இறங்கித் தள்ளிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவையாறு போவது ஒரு பழக்கமாகிவிட்டது. 12 கிலோமீட்டர் இருக்கும். கரந்தையில் வடவாறு, பள்ளியக்ரகாரத்தில் வெண்ணாறு, அப்புறம் வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐந்து ஆறு, ஐந்து பாலம். பைக்கில் போனால் இந்தப் பாலங்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒற்றைக் கியர் சைக்கிளில் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு சின்ன ஏற்றம், ஒரு சின்ன இறக்கம், நடுவில் கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது. ஜூன் மாதம் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்த வாரத்தில் போனால் பாலத்துக்குப் பாலம் ஆள் நிற்கும். திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கி கேரியரில் கட்டிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் வீடு.

இனி குறைகள். முதலில் பிரேக். கம்பி பிரேக்கில் கட்டை பக்கவாட்டில் பிடிக்காது, கீழிருந்து மேலாக ரிம்மின் உள்பக்கத்தைப் போய்த் தொடும். அதனால் சக்கரம் கொஞ்சம் கோட்டமாக ஓடினாலும் பிரேக் உரசாது, நல்லதுதான். ஆனால் ஸ்டீல் ரிம் நனைந்துவிட்டால் கட்டை வழுக்கும், நிற்காது. 2017 நவம்பரில் நல்ல மழையில் பாலம் இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் முழுசாக இழுத்தும் வண்டி பாட்டுக்குப் போய் நின்றிருந்த ஒரு ஆட்டோவின் பின்பக்கத்தில் முட்டித்தான் நின்றது. முட்டியில் தோல் போனது. இப்போது மழையில் இறக்கம் வருவதற்கு 50 மீட்டர் முன்பிருந்தே பிரேக்கை லேசாகத் தேய்த்துத் தண்ணீரை வழித்துக்கொண்டே போகிறேன். கூட்டமான ரோட்டில் மழை நாளில் வேகமாகப் போயே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு இந்தச் சைக்கிள் வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, காட்டர் பின். பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்கை நடு அச்சோடு பிடித்து வைப்பது ஒரு பக்கம் சீவிய இந்தச் சின்ன ஆப்புதான். அது தேய்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் காலுக்கடியில் 'கடக்' என்று ஒரு அசைவு தெரியும். முதல் தடவை அந்தச் சத்தம் வந்தபோது பெரிய செலவு என்று பயந்துபோய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பெரியவர் கிராங்கின் அடியில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டை நிறுத்தி வைத்தார். "இது இல்லாம அடிச்சா அடி முழுக்க உள்ள இருக்கிற பால்ரஸ் மேல இறங்கும், கப்பு போயிடும்" என்றார். பால்ரஸ் என்றால் அச்சைச் சுற்றி உருளும் குண்டுகள், கப்பு அவை உட்காரும் கிண்ணம். நட்டைக் கழற்றி ஒரே அடி, பழைய பின் தெறித்து வந்தது. புதுப் பின்னின் சீவிய பக்கத்தை அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, விட்டுப் பார்த்து, எடுத்து, இன்னும் இரண்டு இழுப்பு. அப்புறம் அடித்து இறக்கி, நட்டை முடுக்கி, மறுபக்கம். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போகவேண்டும், இல்லையென்றால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, ஒரு கால் முன்னே போய்விடும். மொத்தம் 20 நிமிஷம். கூலி 30 ரூபாய், பின் ஜோடி 20 ரூபாய். எனக்கு அன்றைக்குத்தான் இந்தச் சைக்கிள் மேல் உண்மையான பிடிப்பு வந்தது. எந்த மர்மமும் இல்லை, எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, பார்த்தால் கற்றுக்கொள்ளலாம்.

பஞ்சர் இன்னும் எளிது. பின் சக்கரத்தைக் கழற்றவே தேவையில்லை, டயரை ஒரு பக்கம் நெம்பி டியூபை வெளியே இழுத்து ஒட்டி உள்ளே தள்ளிவிடலாம். பாதி நேரம் பஞ்சரே இருக்காது, காற்றடிக்கும் வால்வின் மேல் மாட்டும் வால் டியூப்தான் இற்றுப் போயிருக்கும். விரல் நீளத்துக்கு அந்த ரப்பர் குழாய் ஒரு துண்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். எந்தக் கம்பெனிக் கறுப்பு சைக்கிளாக இருந்தாலும் டயர், செயின், காட்டர் பின், பிரேக் கட்டை எல்லாம் பெரும்பாலும் ஒரே அளவு, ஒன்றுக்கொன்று பொருந்தும். அட்லஸ் சைக்கிள் கம்பெனி 2020-ல் சாகிபாபாத் தொழிற்சாலையை மூடியது. அதுவும் உலக சைக்கிள் தினமான ஜூன் 3-ல். ஆனால் ஊரில் ஓடும் அட்லஸ் எதுவும் பாகம் கிடைக்காமல் நின்றுபோய் நான் பார்க்கவில்லை.

செலவு நோட்டில் இருப்பது: பின் டயர் 4, முன் டயர் 2, செயின் 2, ஃப்ரீவீல் 2, பிபி எனப்படும் பெடல் அச்சுப் பகுதியின் ஆக்ஸிலும் கப்பும் ஒரு முறை, காட்டர் பின் 5 ஜோடி, போக்ஸ் கம்பி அவ்வப்போது. வாங்கிய விலையும் சேர்த்து 9 வருடத்துக்கு 9,400 ரூபாய்.

இதை ஆம்பளை சைக்கிள் என்று பெண்கள் ஒதுக்கவும் வேண்டாம். எங்கள் அத்தை புதுக்கோட்டைப் பக்கம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள், அத்தையும் அதில் ஒருவர். அவர் ஓட்டியது இதே பார் வைத்த சைக்கிள்தான். முன்னால் பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு, பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போக அதுதான் வசதி என்பார். போன வருடம் வந்திருந்தபோது என் சைக்கிளை எடுத்து, புடவையைச் செருகிக்கொண்டு, தெருமுனை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து "பின் பிரேக்கு இளகியிருக்குடா, முடுக்கு" என்றார். பார்த்தேன், இளகித்தான் இருந்தது.

வாங்க நினைப்பவர்கள் துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மேல் துரு உப்புத்தாளில் போய்விடும். முதலில் பக்கவாட்டில் நின்று ஃபோர்க்கைப் பாருங்கள். முன்னால் வளைந்திருக்க வேண்டியது நேராகவோ பின்னால் தள்ளியோ இருந்தால் எதிலோ மோதிய சைக்கிள், விட்டுவிடுங்கள். அடுத்து பிபி இருக்கும் உருளையின் அடிப்பக்கம், பின் ஸ்டாண்ட் சேரும் இடம், இங்கெல்லாம் துரு ஓட்டை விழுந்திருக்கிறதா என்று ஆணியால் குத்திப் பார்க்கலாம். சீட் கம்பியும் ஹேண்டில் பாரும் அசைகிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் இறுகிப் போயிருந்தால் எடுப்பது பெரும் வேலை. வலது பக்க பிபி கப் எதிர்மரை, வலது பக்கம் திருகினால்தான் கழலும் என்பது தெரியாமல் இடது பக்கம் திருகி மரையைக் கெடுத்த சைக்கிள்களும் உண்டு. டயர், செயின், சீட் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அதெல்லாம் மாற்றிக்கொள்வதுதான். எண்ணெய்க்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மண்ணைச் சேர்க்கும்.

ஆள் கிடைப்பதுதான் இப்போது கஷ்டமாகி வருகிறது. எங்கள் பெரியவருக்குக் கண் புரை வந்து 2021-ல் கடையை எடுத்துவிட்டார். கொட்டகையைப் பிரித்த அன்று போயிருந்தேன். அந்தத் தண்டவாளத் துண்டையும் கப் கழற்றும் ஸ்பானரையும் ஒரு சாக்கில் சுற்றி என் கேரியரில் வைத்துக் கட்டினார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. இப்போது இரண்டும் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. போன ஞாயிறு எதிர்வீட்டுப் பையன் அவன் தாத்தாவின் அட்லஸைத் தள்ளிக்கொண்டு வந்தான், பெடலில் 'கடக்' சத்தம் வருகிறது என்று. தண்டவாளத்தை எடுத்து நிறுத்தி, சுத்தியலை அவன் கையிலேயே கொடுத்தேன். மூன்றாவது அடியில் பின் வந்துவிட்டது.