பழைய ஸியோனா, லப்டொப் புரொசெசரா: யாழ்ப்பாணத்துச் சின்ன அலுவலகத்துக்கு எது?

கணக்கு மென்பொருள், எல்லாரும் திறக்கும் பொதுக் கோப்புகள், நாலைந்து கமரா. யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூசன் நிலையமோ பாமசியோ "எங்களுக்கும் ஒரு சேவர் வேணும்" என்று கேட்கும்போது வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்கு இரண்டு வழிகளைச் சொல்வார்கள். ஒன்று, வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்துவிட்ட, இன்டெல் ஸியோன் இ5-2680 வி4 என்ற சேவர் புரொசெசர் பூட்டிய ரவர் சேவர். மற்றது, கோர் ஐ5-1235யூ போன்ற லப்டொப் புரொசெசர் உள்ள மினி பிசி (கையடக்கமான சின்னப் பெட்டிக் கணினி) அல்லது லப்டொப். நான் எடுத்தது மினி பிசி. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்தபின் மிச்சத்தை வாசியுங்கள்.

காகிதத்தில் ஸியோன் பெரிய ஆள். 2016இல் வந்தது, 14 கோர் (கணிக்கும் பகுதி), 28 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 35 எம்பி கேஷ் (புரொசெசரின் உள் நினைவகம்), 120 வாட். 2022இல் வந்த ஐ5-1235யூவில் இரண்டு பெரிய கோர், எட்டுச் சிறிய கோர், 12 திரெட், 12 எம்பி கேஷ். அடிப்படை 15 வாட், உச்சத்தில் 55 வாட். எல்லாக் கோரும் ஒன்றாக ஓடினால் ஸியோன் முந்தும். ஆனால் பில் அடிப்பது, ஒரு மாணவரின் பெயரைத் தேடுவது போன்ற வேலைகள் ஒரு கோரில்தான் ஓடும். அங்கே 3.3 கிகாஹேர்ட்ஸ் உச்சத்தில் நிற்கும் பழைய ஸியோனை 4.4 வரை போகும் புதிய கோர் ஒன்றரை மடங்குக்கும் மேலாக முந்துகிறது. கடைக்காரர் 14 என்ற எண்ணைக் காட்டி விற்பார். பில் போடும் பிள்ளைக்கு அந்த 14இல் ஒன்றுதான் உதவும்.

இதெல்லாம் சின்ன வித்தியாசங்கள். முடிவைத் தீர்மானிப்பது சேவர் சும்மா நிற்கும் நேரம்.

சின்ன அலுவலகத்துச் சேவர் 24 மணித்தியாலமும் ஒன் ஆகவே இருக்கும். அதில் உண்மையாக வேலை செய்வது இரண்டு மூன்று மணித்தியாலம் இருந்தால் அதிகம். ஆகவே முழுப் பாரத்தில் எத்தனை வாட் என்று கேட்பதை விட, ஒருவரும் தொடாத நேரத்தில் எத்தனை வாட் என்றுதான் கேட்கவேண்டும். ஒற்றை ஸியோன், நாலு ராம், இரண்டு ஹாட் டிஸ்க், காற்றாடிகள் எல்லாம் சேர்ந்த ரவர் சும்மா நிற்கையிலேயே 80 வாட் அளவில் இழுக்கும். இரட்டை ஸியோன் என்றால் 100ஐத் தாண்டுவது சாதாரணம். மினி பிசி 10 வாட்டைச் சுற்றி நிற்கும். நம்பாவிட்டால் பிளக்கில் செருகும் வாட் மீற்றர் ஒன்றை வாங்கி ஒரு நாள் முழுக்க அளந்து பாருங்கள்.

80 வாட் என்றால் நாளுக்கு 1.92 அலகு, மாதம் ஏறத்தாழ 58. பத்து வாட் என்றால் மாதம் 7 அலகு. வீட்டு முன்னறையிலேயே அலுவலகம் நடத்துபவருக்கு இந்த 51 அலகு வித்தியாசம் இன்னும் கடிக்கும், ஏனென்றால் வீட்டு மின் கட்டணம் 60, 90, 120, 180 அலகு என்று படிப்படியாக ஏறுகிறது. மாதம் 130 அலகு எரியும் வீட்டில் ஸியோனை வைத்தால் 188. 180ஐத் தாண்டி மேல் படிக்குப் போய்விடும், நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். மினி பிசி வைத்தால் 137. இருந்த படியிலேயே இருக்கும். ஸியோனை மலிவாக வாங்கி மிச்சம் பிடித்த காசு மாதாமாதம் பில்லில் கரைகிறது. அந்த 80 வாட்டும் வெப்பமாக அறைக்குள்தான் இறங்குகிறது. சித்திரை வெயிலில் அதற்காக ஒரு ஃபானைப் போட்டால் அதன் கரண்டும் இதே கணக்கில் சேரும்.

கரண்ட் நிற்கும்போதும் இதே வாட்தான் பேசும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். இப்போது அந்த நிலை இல்லை, ஆனாலும் மழைக்காலத்தில் கரண்ட் போய் வருவது புதினமில்லை. கடைகளில் கிடைக்கும் 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் பொதுவாக 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்றுதான் இருக்கும். ஸியோன் ரவரும் ரவுட்டரும் சேர்ந்து 95 வாட் இழுத்தால், புதுப் பற்றரியே 20 நிமிடம் தாங்கினால் நல்லது. மினி பிசியும் ரவுட்டரும் 25 வாட் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். பற்றரி பழசாகும்போது இரண்டும் குறையும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய பற்றரியின் ஆயுள் பாதியாகிறது என்பது பொது விதி. யாழ்ப்பாணத்து அறையில் ஏசி இல்லாமல் அது சீக்கிரமே நடக்கும்.

இன்னொரு சிக்கலையும் கவனியுங்கள். மலிவு யூபிஎஸ்கள் பற்றரியில் ஓடும்போது தருவது சுத்தமான சைன் அலை (வீட்டுக் கரண்டின் வழுவழுப்பான அலை) அல்ல. சேவர் பவர் சப்ளைகள் சில அதை ஏற்காமல், மாறும் அந்தக் கணத்திலேயே நின்றுவிடும். யூபிஎஸ் நல்லாய்த்தான் இருக்கும், ஆனால் சேவர் விழுந்திருக்கும். திரும்பக் கரண்ட் வந்தபின் ராம் சோதனையெல்லாம் முடித்து அது எழும்ப இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும்.

ஸியோன் உண்மையாக வெல்லும் இடங்களும் உண்டு. 64 ஜிபிக்கு மேல் ராம் வேண்டும் என்றால் ஐ5-1235யூவோடு கதை முடிந்தது, அதன் எல்லையே அதுதான். ஈசிசி ராம் ஒரு பிட் பிழையைத் தானே திருத்தும், இரண்டு பிட் பிழையைக் கண்டு சொல்லும். லப்டொப் பக்கத்தில் அது கிடையாது. 40 பிசிஐ லேன் (கார்ட்டுகளுக்கான தரவுப் பாதை) இருப்பதால் கார்ட்டுகளைத் தாராளமாகச் செருகலாம். புரொசெசர் சொக்கெட்டில் இருப்பதால் கழற்றி மாற்றலாம். லப்டொப் வகை மதர்போட்டோடு ஒட்டி வருவதால் அது போனால் போட்டும் போகும். ஏழெட்டு மெய்நிகர் இயந்திரம் (ஒரே கணினிக்குள் ஓடும் தனித்தனிக் கணினிகள்) ஓட்டிப் படிக்கும் பொறியியல் மாணவருக்கு ஸியோனைத் தாராளமாகச் சொல்வேன், அவர் வேலை முடிய ஓஃப் பண்ணிவிடுவார். கலியாண வீடியோ ரெண்டர் செய்யும் ஸ்ரூடியோவுக்கு இரண்டுமே பொருந்தாது, புது டெஸ்க்டொப் எடுக்கட்டும். இன்னொன்று: 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு முடிந்துவிட்டது, இந்த இ5 வி4 ஸியோன், விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. லினக்ஸ் தெரிந்தவருக்கு இது பிரச்சினையே இல்லை.

பாவித்த ஸியோனைத்தான் வாங்குவதென்றால் புரொசெசரின் உலோக மூடியில் பொறித்திருப்பதை வடிவாக வாசியுங்கள். 'இன்டெல் கொன்ஃபிடென்ஷியல்' என்று இருந்தால் அது சோதனைக்கு வந்த மாதிரி, விற்பனைக்கு உரியதல்ல. பின்கள் இருப்பது புரொசெசரில் அல்ல, போட்டின் சொக்கெட்டில். ஒரு பின் வளைந்தாலும் ஒரு ராம் சனல் (நினைவகத்துக்கான பாதை) காணாமல் போகலாம். ஆகவே நாலு சனலிலும் ஒவ்வொரு ராம் போட்டு, நாலும் தெரிகிறதா என்று பார்த்து, இரவு முழுக்க மெம்ரெஸ்ட் என்ற ராம் சோதனை மென்பொருளை ஓடவிடுங்கள். ஒரே ஒரு ராமோடு விற்றால் நினைவக வேகம் கால்வாசிதான்.

மினி பிசி எடுப்பவர் முதலில் பயோஸுக்குள் (கணினி ஒன் ஆகும்போது வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய், கரண்ட் வந்ததும் தானாக ஒன் ஆகும் அமைப்பைத் தேடவேண்டும். லப்டொப்கள் பலவற்றில் அது இல்லை, நான் மினி பிசியைச் சொல்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். லப்டொப்பையே சேவராக்கினால் உள்ளே இருக்கும் பற்றரி இலவச யூபிஎஸ். ஆனால் நாள் முழுக்க 100 வீதத்தில் சூட்டோடு வைத்திருந்தால் ஊதிவிடும். சார்ஜை 60 முதல் 80 வீதத்துக்குள் நிறுத்துங்கள். மூடியை மூடினால் உறங்காதபடியும் மாற்றுங்கள். ராம் ஒன்றாய் 32 ஜிபி போடாமல் இரண்டு 16 ஆகப் போடுங்கள், அப்போதுதான் இரண்டு சனலும் வேலை செய்யும். ஈசிசி இல்லாத குறைக்குப் பதிலாக, நாளாந்தப் பிரதி ஒன்று வெளி டிஸ்க்கிலும் இன்னொன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும்.

உச்ச வேகம் சில பத்து விநாடிதான் என்பதையும் எதிர்பாருங்கள். பிறகு சின்னப் பெட்டி சூடாகி 15–25 வாட்டுக்கு இறங்கிவிடும். வலிகாமத்துச் செம்மண் தூசி படிந்தால் அதற்கும் கீழே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து ஊதுங்கள், அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். குருநகர், பாசையூர் போன்ற கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்றும் சேரும். அங்கே இப்படியான பெட்டி ஐந்து வருடம் தாண்டுமா என்பதில் நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ஏற்கெனவே இரட்டை ஸியோன் வாங்கி வைத்திருப்பவர் அதை விற்கவேண்டியதில்லை. இரண்டாவது புரொசெசரைக் கழற்றுங்கள், அதற்குரிய ராமும் சில பிசிஐ துளைகளும் வேலை செய்யா, ஆனால் சும்மா நிற்கும் வாட் நன்றாக இறங்கும். பயோஸில் சி-ஸ்ரேற் (வேலையில்லாத கோரை உறங்கவைக்கும் அமைப்பு) எல்லாவற்றையும் ஒன் பண்ணுங்கள், வேலையில்லாத டிஸ்க்கைப் பிடுங்குங்கள். வெறுமையான சொக்கெட்டுக்குப் பிளாஸ்ரிக் மூடியும், ஹீற் சிங்க் இருந்த இடத்துக்குக் காற்றுத் தடுப்பும் போடுங்கள். இல்லாவிட்டால் காற்று அந்த வழியால் ஓடி மற்றப் புரொசெசர் சூடாகும்.