மென்நீர்க் கருவி: கீசரைத் திறந்து பார்த்த பின் எழுதும் மதிப்பீடு

குளியலறைகளுக்கும் வாஷிங் மெஷினுக்கும் செல்லும் குழாயில் தானியங்கி மென்நீர்க் கருவி ஒன்றைப் பொருத்தி 14 மாதங்கள் ஆகின்றன. பொருத்திய மறுவாரமே எழுத உட்கார்ந்திருந்தால், சோப்பு நன்றாக நுரைக்கிறது, துணி விறைப்பதில்லை என்று புகழ்ந்து முடித்திருப்பேன். ஆனால் இதை வாங்கியது நுரைக்காக அன்று; கீசரின் காயில், அதாவது நீரைச் சூடாக்கும் மின்சுருள், அடிக்கடி எரிந்துபோவதைத் தடுப்பதற்காக. எனவே காயிலைக் கழற்றிக் கண்ணால் பார்க்கும்வரை எதுவும் எழுதுவதில்லை என்று காத்திருந்தேன். சென்ற வாரம் பிளம்பரை வரவழைத்து, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கழற்றிப் பார்த்தாயிற்று.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 420 மில்லிகிராம். 180-ஐத் தாண்டினாலே மிகக் கடினமான நீர் என்று வகைப்படுத்துவது வழக்கம். இத்தகைய நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது சிதைந்து, கரையாத கார்பனேட்டாக மாறிக் காயிலின் மேல் ஒட்டிக்கொள்கிறது. 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் இந்தப் படிவு விரைவாக வளரும். படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், காயிலின் வெப்பம் நீருக்குப் போகாமல் காயிலுக்குள்ளேயே தங்கி, அதன் உறையை வெடிக்கச் செய்கிறது. முந்தைய காயில் அப்படித்தான் போயிற்று: ஓராண்டில் அதன் மேல் முட்டை ஓட்டைவிடத் தடித்த வெள்ளைக் காறை, தொட்டியின் அடியில் ஒரு கைப்பிடி உதிர்ந்த செதில்கள். இம்முறை கழற்றியபோது அடியில் செதிலே இல்லை. காயிலின் வளைவில் மட்டும் நகத்தால் சுரண்டினால் வரக்கூடிய மெல்லிய பூச்சு இருந்தது. அந்தப் பூச்சுக்குக் காரணம் கருவியன்று, அதை விற்றவர் சொன்ன கணக்கு என்றே கருதுகிறேன்.

கருவியின் உருளைக்குள் இருப்பது ரெசின் எனப்படும் சிறு பிசின் மணிகள். இவை நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. மணிகளில் இடம் தீர்ந்ததும் அடர்த்தியான உப்புக்கரைசலைச் செலுத்திக் கழுவினால், பிடித்ததை விட்டுவிட்டு மீண்டும் சோடியத்தை ஏற்றிக்கொள்ளும். எத்தனை லிட்டர் நீருக்குப் பிறகு கழுவ வேண்டும் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். எங்கள் கருவியில் 10 லிட்டர் ரெசின். ஆக 500 கிராம். லிட்டருக்கு 0.42 கிராம் வீதம் வகுத்தால் 1,190 லிட்டர். இந்தக் குழாயில் நாளொன்றுக்கு 300 லிட்டர் செலவாவதால், நான்காம் நாள் முடிவதற்குள் ரெசின் களைத்துவிடும். விற்பனையாளரோ வாரம் ஒருமுறை கழுவினால் போதும் என்று சொல்லி, கருவியின் கடிகாரத்தையும் அப்படியே அமைத்துவிட்டுப் போனார். முதல் மூன்று மாதங்கள், ஒவ்வொரு வாரத்தின் கடைசி மூன்று நாள்களும் கடினநீர் தடையின்றிக் கீசருக்குள் போய்க்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடித்தது எந்த நுண்கருவியாலும் அன்று. சாதாரணக் குளியல் சோப்பைக் கொஞ்சம் நீரில் கரைத்து, ஒரு பாட்டிலில் குழாய்நீருடன் சில துளிகள் விட்டுக் குலுக்கினேன். கழுவிய மறுநாள் நுரை பொங்கி நின்றது. ஆறாம் நாள் நுரைக்குப் பதிலாகத் தயிர் திரிந்தாற்போல வெண்கசடு மிதந்தது. துணி துவைக்கும் டிடர்ஜெண்ட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அது கடினநீரிலும் ஓரளவு நுரைத்து ஏமாற்றிவிடும். அன்றே கழுவும் இடைவெளியை மூன்று நாளாக மாற்றினேன். உப்புச் செலவு அதற்கேற்ப ஏறியது: ஒருமுறைக்கு 1.5 கிலோ, மாதத்திற்கு 15 கிலோ. மூட்டையைத் தூக்கிவந்து தொட்டியில் கொட்டுவது என் வேலை என்பதால் இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. கழுவும்போது சாக்கடைக்குப் போகும் நீரை வாளி வைத்து அளந்தேன். ஒவ்வொரு முறையும் 80 லிட்டர் அளவுக்கு வருகிறது. அது உப்புக்கரிப்பதால் செடிகளுக்கு விட முடியாது. நாளைக் கணக்கிடாமல், கடந்துபோன நீரை அளந்து தானே கழுவிக்கொள்ளும் வகைக் கருவியை வாங்கியிருந்தால், வீட்டில் ஆளில்லாத நாள்களில் உப்பும் நீரும் மிச்சப்பட்டிருக்கும். எங்களுடையதில் அந்த வசதி இல்லாதது உண்மையான குறை.

விற்பனையின்போது டிடிஎஸ் மீட்டரை நீரில் நட்டுக் காட்டும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மீட்டர் கரைந்துள்ள மொத்த உப்புகளைக் குறிக்குமே தவிரக் கடினத்தன்மையைத் தனியே காட்டாது. மென்நீர்க் கருவி உப்பை நீக்குவதில்லை, ஒன்றை எடுத்து இன்னொன்றைத் தருகிறது. ஆகவே மீட்டரின் எண் ஏறத்தாழ அப்படியே இருக்கும். எண் இறங்கவில்லையே என்று கருவியைக் குறை சொல்வதும், எண்ணைக் காட்டிக் கருவியை விற்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் சிவப்பு நிறம் நீலமாக மாறும் கடினத்தன்மைச் சோதனைப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கருவி கடினத்தன்மைக்கு ஈடாகச் சோடியத்தைத் தருவதால்தான் சமையலறைக் குழாயை இந்த இணைப்பில் சேர்க்கவில்லை. நீக்கப்படும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேர்கிறது; எங்கள் நீரில் அது லிட்டருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டும். இரத்த அழுத்தத்திற்காக உப்பைக் குறைத்துக்கொள்ளும் ஒருவர் வீட்டில் இருக்கும்போது அதைக் குடிநீராக்குவது சரியாகாது. சமையலறைக் கெட்டிலில் படியும் காறைக்கு வெதுவெதுப்பான நீரில் கரைத்த சிட்ரிக் அமிலமே போதுமானதாக இருக்கிறது. அதனுடன் பிளீச்சிங் கரைசலை ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சான குளோரின் வாயு வெளிவரும்.

இதை வாங்குவதற்கு முன் வாஷிங் மெஷினின் குழாயில் பாலிபாஸ்பேட் உருண்டைகள் அடங்கிய சிறு பில்டர் ஒன்றையும் ஓராண்டு வைத்திருந்தேன். அது கால்சியத்தை நீக்காது, படியவிடாமல் பிடித்துவைக்கும். குளிர்ந்த நீரில் துவைப்பவர்களுக்கு அது பயன்படலாம். நீர் மிகவும் சூடாகும் இடத்தில் பாலிபாஸ்பேட்டே சிதைந்து வலுவிழப்பதால் கீசருக்கு அதை நம்ப மாட்டேன். குழாயின் மேல் கட்டும் காந்தங்களுக்கு உறுதியான சான்று கிடைக்காததால் அவற்றை முயன்று பார்க்கவில்லை. மென்நீர் வந்தபின் சோப்புத்தூளைப் பாதியாகக் குறைத்தும் துணி வெளுப்பு குறையவில்லை. குழாய் முனைகளில் வெண்கறை புதிதாக வரவில்லை, பழைய கறை மட்டும் தானாகப் போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நீர் பழுப்பாக வருகிற, இரும்புச்சத்து மிகுந்த கிணறு உள்ளவர்கள், இரும்பை முதலில் வடிகட்டாமல் இந்தக் கருவியை வாங்க வேண்டாம். இரும்பு மணிகளின் மேல் படிந்து அவற்றைப் பாழாக்கிவிடும். மற்றவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். விற்பவரிடம் ரெசின் எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, மேலே சொன்ன வகுத்தலைத் தாமே செய்து பார்த்து, நாள்கணக்கை விற்பவரிடம் விடாமல் தம் கையாலேயே அமைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கீசரில் இப்போது என் கவலை காயிலைப் பற்றியது அன்று. தொட்டி துருப்பிடிக்காமலிருக்கத் தான் கரைந்து அதைக் காக்கும் மக்னீசியத் தண்டு, சோடியம் மிகுந்த நீரில் விரைவாகக் கரையக்கூடும் என்பதால், அதன் தடிமனை அளந்து குறித்துவைத்துவிட்டு மீண்டும் மூடியிருக்கிறோம்.