பேட்ச் வரிசைக்கு ஒரு பேரேடு: பேட்ச்வொர்க் மென்பொருள் மதிப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து பராமரித்துவரும் கட்டற்ற மென்பொருளுக்கு, ஈப்போவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் பேட்ச் (நிரலில் செய்யவேண்டிய மாற்றத்தைக் காட்டும் கோப்பு) எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். எழுதுவோர் பலர், அவற்றைப் படித்துப் பார்த்து மூலநிரலில் சேர்ப்பவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். எந்தப் பேட்ச் யாருடைய பார்வைக்குக் காத்திருக்கிறது என்பது தெரியாமற் போகும் நிலையைத் தவிர்க்கவே பேட்ச்வொர்க்கை நிறுவினோம்.

ஜெரமி கெர் தொடங்கிய இந்த இலவச மென்பொருள், பைத்தான் நிரல்மொழியில், ஜாங்கோ என்னும் இணையச் சட்டகத்தைக் கொண்டு எழுதப்பட்டது. லினக்ஸ் இயங்குதளக் கருவின் பல பிரிவுகளும், யு-பூட், பில்ட்ரூட், ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திட்டங்களும் இதைப் பயன்படுத்துகின்றன. குழு முகவரிக்கு வரும் மடல்களை இது படித்து, அவற்றுள் பேட்ச் உள்ளவற்றைப் பிரித்தெடுத்து, இணையப் பக்கத்தில் பட்டியலிடுகிறது. அனுப்புகிறவர் புதிய கணக்கு எதுவும் திறக்க வேண்டியதில்லை. பழகிய முறையிலேயே அனுப்பலாம். ஜெரிட் போன்ற நிரல் பரிசீலனைக் கருவிகளில் ஒவ்வொரு பங்களிப்பாளரும் கணக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்தின் குறிப்பிலும் தனி அடையாள எண் இட வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், எப்போதாவது ஒரு பேட்ச் அனுப்பும் மாணவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது விளங்கும்.

இதன் உயிர்நாடி இரண்டு: ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு நிலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். தோட்டத்தில் காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்கள் கூடும் இடத்தில்) யாருக்கு எந்த மர நிரை என்பதைக் கிராணி, அதாவது தோட்ட எழுத்தர், பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுப்பதைப் போல, கோப்பின் பாதையைப் பார்த்துப் பேட்சை உரியவர் பெயரில் தானாகவே எழுதிவைக்கும் விதிகளையும் இதில் அமைக்கலாம். அச்சுப் பகுதியைத் தொடும் பேட்ச் ஒருவருக்கும், தரவுத்தளத்தைத் தொடுவது மற்றொருவருக்கும் போய்ச் சேரும்போது, 'யாராவது பார்ப்பார்கள்' என்று எல்லோரும் ஒதுங்கி நிற்கும் வழக்கம் குறைகிறது. எங்களுக்கு இதனால் கிடைத்த பெரும் பயன் இதுவே.

எனினும் முதற்பக்கப் பட்டியலின் இயல்பை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். புதியவையும் பரிசீலனையில் உள்ளவையும் மட்டுமே இயல்பாக அங்கே தோன்றும். 'மாற்றம் கோரப்பட்டது' என்று குறித்த அடுத்த கணமே அந்தப் பேட்ச் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது. முழுநேரப் பொறியாளர்கள் நிறைந்த திட்டத்தில் இது சரியே. பந்து இப்போது எழுதியவர் பக்கம் என்று பொருள். ஆனால் முதன்முறையாக அனுப்பிய படிவம் ஐந்து மாணவர், கேட்ட மாற்றத்தைச் செய்யத் தெரியாமல் தயங்கி நிற்கையில், அவருடைய உழைப்பு எவர் கண்ணிலும் படாமல் போகிறது. வடிகட்டியை மாற்றி அந்த நிலையில் உள்ளவற்றையும் வாரந்தோறும் பார்க்கும் பழக்கம் இல்லாத குழுவுக்கு, வரிசை சுருங்கியது போன்ற மயக்கமே மிஞ்சும்.

இரண்டாவது குறை, திருத்திய பதிப்புகளைப் பற்றியது. ஒருவர் இரண்டாம் பதிப்பை அனுப்பினாலும் முதற்பதிப்பு தானாக விலகுவதில்லை. யாரேனும் கையால் அதன் நிலையை மாற்ற வேண்டும், இல்லையேல் துணை நிரல் எழுதிக்கொள்ள வேண்டும். மூலநிரலை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் சேர்ந்தவுடன் 'ஏற்கப்பட்டது' என்று குறிக்கும் சிறுநிரல் உடன் வருகிறது என்றாலும், சேர்க்கும்போது நாம் நிரலில் ஒரு வரியைத் திருத்தினால்கூட அந்தப் பொருத்தம் தவறிவிடுகிறது. பராமரிப்பாளர்கள் இப்படிச் சிறிது தட்டிச் சரிசெய்தே சேர்ப்பது வழக்கமாதலால், இந்த வசதியை நான் அதிகம் நம்புவதில்லை.

2017இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, ஒரே தொடராக அனுப்பப்பட்ட பேட்சுகள் ஒன்றாகத் தொகுக்கப்படுகின்றன. பேட்ச் மீது ஓட்டிய சோதனைகளின் முடிவுகளும் அருகிலேயே தெரிகின்றன. கருத்துரையை இணையப் பக்கத்திலேயே எழுத முடியாது, மடலில்தான் பதில் அனுப்ப வேண்டும். வெறும் உரையாக இல்லாமல் எச்டிஎம்எல் (இணையப் பக்க) வடிவில் மட்டும் வரும் மடல்களிலுள்ள பேட்ச் பட்டியலில் ஏறாது என்பதையும், கைப்பேசியிலிருந்து அனுப்பும் இளையோரிடம் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

மின்னஞ்சல்வழிப் பணிபுரியும் சிறு குழுக்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆயினும் சேவையகத்தையும் தரவுத்தளத்தையும் கவனிக்க ஒருவர் வேண்டும். அத்தகையவர் இல்லாத குழு இதை நிறுவாமலிருப்பதே மேல்.