குன்னூர் மழைக்கு மோட்டுல் சி2 செயின் லூப் தாங்குதா?
குன்னூர் டூ கோத்தகிரி தினமும் பைக் ஓட்டுறேங்க, ஜூலை மழைல சேறு ஏறி செயின் ரெண்டே நாள்ல கரகரன்னு கத்தும். முன்னாடி ஒரு மெக்கானிக் அண்ணன் பழைய இன்ஜின் ஆயில ஊத்தி விடுவாரு, அது ரிம்முல பேன்ட்டுல எல்லாம் தெறிக்கும், செயின்ல மட்டும் நிக்காது.

இப்ப ரெண்டு மாசமா இந்த மோட்டுல் சி2 தான், செயினுக்கு அடிக்கிற மசகு ஸ்ப்ரே. நல்லா பிசுபிசுன்னு ஒட்டுது, தெறிக்கறது ரொம்ப கம்மி. ஆனா கழுவாம மேலயே அடிச்சீங்கன்னா மண்ணோட சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டுற பல்சக்கரம்) பல்ல அரைச்சிரும், அதனால நான் மொதல்ல மண்ணெண்ணெய், பழைய டூத்பிரஷ் போட்டு தேய்ச்சு (மண்ணெண்ணெய் கெடைக்கறதே இப்ப பெரும்பாடு, அது வேற கதை) துணியால தொடச்சு காயவிட்டுருவேன். பெட்ரோல் வேணவே வேணாம், செயினுக்குள்ள இருக்கற ஓ-ரிங்ங்கற ரப்பர் வளையம் போயிரும். ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து செயின் சூடா இருக்கறப்ப உள்பக்கமா அடிச்சு நைட் முழுக்க விட்டுருங்க. இன்ஜின் ஆஃப்ல, வீல கையால சுத்தணும், கியர்ல ஓடவிட்டா விரல் காலி.

மழைல எனக்கு 300 கிலோமீட்டர் தாங்குது, வெயில்னா 500. விலைதான் கொஞ்சம் உறுத்துது. டிசம்பர் குளிர்ல ஸ்ப்ரே மந்தமா வருது, கேன கொஞ்ச நேரம் ஸ்வெட்டருக்குள்ள வச்சு எடுத்தா சரியாயிடும்.