பெங்களூரில் கண்ணாடி மணிப் பட்டறை: பல நாள் ஓட்டிப் பார்த்தபின்

கண்ணாடிக் குச்சியைச் சுடரில் உருக்கிக் கம்பியில் சுற்றி மணி செய்யப் புதிதாக இறங்குபவர்கள் பணத்தை முதலில் பர்னரில் கொட்டுகிறார்கள். அவசியமே இல்லை. நார்ட்டெல் மைனர் வகைச் சிறு பர்னரும், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டரும் 15 மி.மீ. வரையான மணிகளுக்குத் தாராளம். தொழிலைத் தாங்குவது, மணியை மெல்ல ஆறவைத்து உள்ளிறுக்கத்தைப் போக்கும் மின்சூளையான ஆனீலிங் கில்ன்தான்.

கொரோனா காலத்துக் கான்சென்ட்ரேட்டர்கள் பழைய பொருள் விலையில் மலிவாகக் கிடைக்கின்றன. மூச்சிழுக்கும்போது மட்டும் விட்டுவிட்டுத் தரும் கையடக்க வகை உதவாது. ஓடாமல் கிடந்த இயந்திரத்தில், நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் துகள்கள் ஈரம் குடித்திருக்கும். 93 சதவீதத்தை ஒட்டி வரவேண்டிய ஆக்ஸிஜன் இறங்கிவிடும். சுடரிலேயே தெரியும்: நுனி மஞ்சளாகும், வெள்ளைக் கண்ணாடியில் கரி படியும், செம்பு கலந்த டர்க்காய்ஸ் (பச்சை நீல) கண்ணாடி செங்கல் நிறத்துக்குப் போகும். அரைமணி நேரம் ஓடவிட்டு, ஆக்ஸிஜன் மீட்டரில் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

எரிபொருளுக்கு வீட்டு எல்.பி.ஜி. சிலிண்டரைத் தொழிலில் வைப்பது சட்டப்படி தப்பு. 19 கிலோ வணிக சிலிண்டர் எடுங்கள். வீட்டு ரெகுலேட்டரின் 30 மில்லிபார் அழுத்தம் பர்னருக்குப் பத்தாது. திருகிக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் வேண்டும், எரிவாயு, ஆக்ஸிஜன் இரண்டு குழாயிலும் சுடர் பின்னோக்கி ஏறாமல் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் வேண்டும். கசியும் எல்.பி.ஜி. தரையோடு தேங்கும் என்பதால் மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதாது, கீழேயும் காற்று போக வழி இருக்கட்டும்.

கண்ணாடியில் இத்தாலிய எஃபெட்ரே 104 நம்பிக்கையானது; 104 என்பது சூட்டில் எவ்வளவு விரியும் என்பதைச் சொல்லும் விரிவுக் குணகம். உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத் குச்சி மலிவு, நிறமும் அழகு. ஆனால் அதன் விரிவுக் குணகம் எவ்வளவு என்று கடைக்காரருக்கும் தெரியாது. 104-உடன் கலக்கும் முன் இரண்டையும் பக்கம் பக்கமாக உருக்கி ஒட்டி, மெல்லிய இழையாக இழுத்து ஆறவிடுங்கள். இழை நேராக நின்றால் சேரும். வில்லாக வளைந்தால் அந்த இரண்டும் கலந்த மணி என்றைக்காவது விரிசல் விடும், அநேகமாக வாடிக்கையாளர் கையில்.

மணி ஒட்டாமல் கழன்று வரத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் பூசும் பீட் ரிலீஸ் குழம்பு தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் நின்று, சுடரில் காட்டியதும் கொப்பளித்து உதிரும். முந்தின நாளே பூசிக் காயவையுங்கள். கம்பி சிவக்கும் முன் கண்ணாடியைச் சுற்றினால் பூச்சு உடைந்து மணி சுழலும். மணியின் துளை வாய் கூராக நின்றால் காரணம் ஒன்றுதான்: சுற்றிய அகலத்துக்குக் கண்ணாடி போதவில்லை. ஜிமிக்கிக்கு ஜோடி சேர்க்கக் கண்ணளவு உதவாது. 2.4 மி.மீ. கம்பியில் 10 மி.மீ. உருண்டைக்கு, 6 மி.மீ. குச்சியில் சுமார் 17 மி.மீ. நீளம் உருக வேண்டும். குச்சியில் அளவைக் குறித்துக்கொண்டு செய்தால் ஜோடி தப்பாது.

இனி கில்ன். 104-க்கு 515 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், பிறகு ஒரு மணி நேரத்துக்கு 60 டிகிரி வீதம் 370 வரை இறக்கி, அதன்பின் அணைத்து மூடியபடியே விட்டுவிடலாம். வெர்மிகுலைட் என்ற சூடு தாங்கும் லேசான கனிமத் துகளில் புதைத்து ஆறவைப்பது ஆனீலிங் ஆகாது. ஆறும் வேகம் குறையும், உள்ளிறுக்கம் போகாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் பி.ஐ.டி. கன்ட்ரோலர், மின்சாரத்தைத் திறந்து மூடும் எஸ்.எஸ்.ஆர்., சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் எல்லாம் எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகளில் கிடைப்பதால் பழுது பயமில்லை. ஆனால் மீட்டர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மணியில் கில்ன் தரைச் செங்கலின் தடம் விழுந்தால் சூடு அதிகம். ஒளியை ஒரே திசை அதிர்வாக வடிகட்டும் இரண்டு போலரைசர் தாள்களைக் குறுக்காக வைத்து நடுவே மணியைப் பிடித்தால் இறுக்கம் ஒளிக்கீற்றாகத் தெரியும்.

ஏப்ரல், மே மாத மாலை மழையில் மின்சாரம் போவது வழக்கம். கான்சென்ட்ரேட்டர் இன்வெர்ட்டரில் ஓடும், கில்ன் ஓடாது. அப்போது கதவைத் திறக்கவே கூடாது. மறுநாள் ஒரு மணி நேரத்துக்கு 200 டிகிரிக்கு மேல் போகாமல் ஏற்றி, முழுச் சுற்றையும் திரும்ப ஓட்டினால் விரிசல் விடாத மணிகள் தப்பும்.

புள்ளிகள் வைத்த 12 மி.மீ. மணி ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும், துளை சுத்தம் செய்வது தனி. அந்த வேலையை வைரத் துருவியால் தண்ணீருக்குள் வைத்தே செய்யுங்கள். பீட் ரிலீஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது. விலை போடும்போது இந்த நேரத்தையும் சேருங்கள். வெறும் உருண்டையை வைத்துச் சிக்பேட்டையின் இயந்திர மணிச் சரங்களோடு போட்டி போட முடியாது.