அடோபி அனிமேட்டில் சீன் மாற்றமும் கீபோர்டும்: சில வருட அனுபவம்

சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அனிமேஷன் சொல்லித் தருகிறேன். 2016இல் ஃப்ளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருள், அடோபி அனிமேட் என்று பெயர் மாறிய பிறகுதான் நான் உள்ளே வந்தேன். அன்றிலிருந்து நிரல் எழுத ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3தான்.

எங்கள் பயிற்சி விளையாட்டு வேலூர்க் கோட்டை. முதல் சீனில் பையன் கோட்டை வாசலுக்கு நடப்பான், இரண்டாவதில் அகழியில் பரிசல் விடுவான். படம் வரைந்து அசைக்க இதைப் போல எனக்கு வேறொன்றும் கைவரவில்லை. வம்பெல்லாம் சீன் மாறும் இடத்தில்.

"இன்னாண்ணா, கைய எடுத்துட்டேன், பரிசல் தானா போய்க்கினே கீது?" என்றாள் ஒரு மாணவி. வலது அம்புக்குறியை அழுத்தியபடியே வாசலைத் தொட்டிருக்கிறாள். சீன் மாறும்போது, விசையை அழுத்துவதையும் விடுவதையும் கவனிக்கும் பழைய லிஸனரை நாங்கள் கழற்றிவிட்டோம். அவள் விரலை எடுத்தபோது அதைக் கேட்க ஆளில்லை. வலது விசை அழுந்தியிருக்கிறதா என்று குறித்துவைக்கும் 'வலது' என்ற மாறி (வேரியபிள்) ட்ரூவாகவே (ஆம்) நின்றுவிட்டது. லிஸனரைக் கழற்றும் இடத்திலேயே நான்கு திசைகளையும் ஃபால்ஸ் (இல்லை) ஆக்கினோம், பரிசல் நின்றது.

கழற்றாமல் விட்டால் அது வேறு கூத்து. லிஸனர் மாட்டியிருப்பது ஸ்டேஜில், அதாவது படம் ஓடும் மொத்த அரங்கில். எத்தனை சீன் மாறினாலும் ஸ்டேஜ் ஒன்றுதான். முதல் சீனின் ஃபங்ஷன், இப்போது அங்கே இல்லாத பையனைத் தேடிப் போய் 1009 பிழையைக் (இல்லாத பொருளைத் தொட்டால் வருவது) கொட்டிக்கொண்டே இருக்கும்.

என்னை அதிகம் அலையவிட்டது ஃபோகஸ், அதாவது விசை அழுத்தம் எந்தப் பொருளுக்குப் போய்ச் சேரும் என்பது. 'ஆரம்பி' பட்டனை மவுஸால் அழுத்தியதும் ஃபோகஸ் அதற்குப் போய்விடுகிறது. அடுத்த சீனில் அந்தப் பட்டனே கிடையாது, கீபோர்டு ஊமை. திரையில் எங்காவது ஒரு கிளிக் செய்தால் உயிர் வந்துவிடும். அதனாலேயே நிரலைச் சந்தேகப்படாமல் இரண்டு நாள் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சீன் தொடக்கத்தில் 'ஸ்டேஜ்.ஃபோகஸ் = ஸ்டேஜ்' என்று ஒரு வரி போதும்.

சோதனை ஜன்னலில் மட்டும் சில எழுத்துகள் வேலை செய்யாவிட்டால், கண்ட்ரோல் மெனுவில் 'டிசேபிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' டிக் செய்யுங்கள்.

இப்போது விளையாட்டென்றால் சீன் பேனல் பக்கமே போவதில்லை. ஒவ்வொரு கட்டமும் ஒரு மூவிகிளிப், தனக்கென டைம்லைன் உள்ள குட்டிக் காட்சி. கீபோர்டைக் கவனிக்க நிரலில் ஒரே கிளாஸ், அதன் லிஸனரைக் கடைசிவரை கழற்றுவதே இல்லை. எந்த விசை அழுந்தியிருக்கிறது என்று பையனும் பரிசலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் அதனிடம் கேட்டுக்கொள்வார்கள்.

ஃப்ளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31ஓடு போனதால் பிரவுசர் இல்லாமலே இயங்கவைக்கும் 'ஏர்' வழியாகக் கணினியில் ஓட்டுகிறோம். போன வாரம் அதே மாணவி விளையாட்டைப் போனில் போட்டுத் தரச் சொன்னாள். அதில் அம்புக்குறிக்கு எங்கே போவது?